கேள்வி தமிழில், பதில் ஸ்வீடிஷில்: ஏழு வயது மகளிடம் தமிழ் நிலைக்க என்ன செய்வது?

நீங்கள் கேட்டது இது: சென்னையிலிருந்து ஸ்டாக்ஹோம் வந்து மூன்று வருடம் ஆகிறது. மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று. நீங்கள் தமிழில் பேசினால் மகளுக்கு எல்லாம் புரிகிறது, ஆனால் பதில் ஸ்வீடிஷில் வருகிறது, சில சமயம் ஆங்கிலத்தில். எந்த ஆப் நல்லது, எந்த இணைய வகுப்பில் சேர்க்கலாம், மூன்று மொழி குழந்தைக்குப் பாரம் ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டு கேள்விகளுக்கும் அடியில் இருப்பது வேறொன்று என்று நினைக்கிறேன்: வகுப்பில் சேர்த்துவிட்டால் அவள் உங்களுக்குத் தமிழில் பதில் சொல்லத் தொடங்குவாளா? மாட்டாள். வகுப்பு எழுத்தைக் கற்றுக்கொடுக்கும், கொஞ்சம் இலக்கணம் கொடுக்கும், தன்னைப் போலவே தமிழ் பேசும் நாலு பிள்ளைகளைக் காட்டும். பேச்சை மீட்கும் வேலை வீட்டில்தான் நடக்க வேண்டும்.

பாரம் பற்றிய பயத்தை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் இதில் சந்தேகத்துக்கு அதிகம் இடமில்லை. பல மொழி கேட்டு வளர்வதால் குழந்தைக்குப் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. குறைபாடு இருந்தால் அது எல்லா மொழியிலும் தெரியும். ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியாகச் சொற்களை எண்ணினால், ஒரு மொழி மட்டும் பேசும் குழந்தையைவிடக் குறைவாக இருக்கலாம். எல்லா மொழிகளையும் சேர்த்து எண்ணினால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளைப் பார்த்த ஆய்வுகளில்கூட இரு மொழி கேட்பதால் பேச்சு கூடுதலாகத் தாமதப்பட்டதாகத் தெரியவில்லை. உங்கள் மகன் தமிழ், ஸ்வீடிஷ் எதிலுமே இரண்டு மூன்று சொற்களைக் கோத்துப் பேசவில்லை என்றால் மட்டும் குழந்தை நல மையத்தில் சொல்லி, பேச்சு மொழி வல்லுநரிடம் அனுப்பச் சொல்லுங்கள். போகும்போது அவன் சொல்லும் தமிழ்ச் சொற்களையும் எழுதிக் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் பாதிக் குழந்தையைத்தான் சோதிப்பார்கள். ஸ்வீடிஷ் பின்தங்கிவிடும் என்று வீட்டிலும் ஸ்வீடிஷ் பேசத் தொடங்காதீர்கள். விளையாட்டு மைதானப் பேச்சு ஓரிரு வருடத்தில் பழகிவிடும். பாடப்புத்தக மொழியில் சக மாணவர்களை எட்டிப் பிடிக்க ஐந்திலிருந்து ஏழு வருடம் ஆகும் என்பது டொராண்டோவில் ஜிம் கமின்ஸ் பல வருடம் ஆராய்ந்து சொன்னது. அந்த இடைவெளியை, நீங்களே மூன்று வருடமாகக் கற்றுக்கொண்டிருக்கும் ஸ்வீடிஷால் நிரப்ப முடியாது.

இனி விஷயத்துக்கு வருவோம். "புரியுதே, அது போதும், பெரியவளானா தானா வந்துடும்" என்று உங்கள் மாமியார் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். பாதி சரி. மூன்றிலிருந்து எட்டு வயதுக்குள் கொரியாவிலிருந்து பிரெஞ்சுக் குடும்பங்களுக்குத் தத்துப் போனவர்களைப் பெரியவர்களான பிறகு பரிசோதித்து 2003-ல் ஓர் ஆய்வு வெளியானது. கொரிய வாக்கியத்தை மற்ற அந்நிய மொழிகளிலிருந்து பிரித்தறியக்கூட அவர்களால் முடியவில்லை. அவர்கள் நிலை வேறு. மொழியோடு தொடர்பே முற்றிலும் அறுந்துபோனவர்கள் அவர்கள். உங்கள் மகள் தினமும் தமிழ் கேட்கிறாள். ஆனாலும் ஏழு வயதுவரை சரளமாகப் பேசிய மொழிகூட வேர் பிடித்துவிட்டதாக அர்த்தமில்லை என்பதை அந்த ஆய்வு காட்டியது. பன்னிரண்டு வயதை ஒட்டித்தான் முதல் மொழி கெட்டிப்படுகிறது. அதற்குப் பிறகு மறதி மிகவும் மெதுவாகிவிடும். ஆக, உங்கள் கையில் இருப்பது இன்னும் ஐந்து வருடம்.

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் டச்சு தவிர வேறு மொழியும் பேசும் சுமார் 1,900 குடும்பங்களைப் பற்றி அன்னிக் டி ஹவுவர் 2007-ல் எழுதினார். நான்கில் ஒரு குடும்பத்தில் குழந்தைகள் அந்த வீட்டு மொழியைப் பேசவில்லை. பெற்றோர் இருவரும் வீட்டில் அதை மட்டுமே பேசிய குடும்பங்களில் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளும் பேசினார்கள். இது காரணத்தை நிரூபிக்கும் ஆய்வு இல்லை. வீட்டில் தாய்மொழி மட்டுமே பேசுபவர்கள் வேறு வகையிலும் உறுதியானவர்களாக இருந்திருக்கலாம். ஆனால் நடைமுறையில் பார்ப்பதும் இதையே சொல்கிறது: கணவனும் மனைவியும் தங்களுக்குள் எந்த மொழியில் சண்டை போடுகிறார்களோ அந்த மொழிதான் பிள்ளைக்கு வீட்டு மொழி.

இங்கேதான் நம் வீடுகளில் ஒரு கோளாறு இருக்கிறது, கொஞ்சம் கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஸ்டாக்ஹோமில் இருக்கும் தமிழ் வீட்டில் தமிழுக்குப் போட்டி ஸ்வீடிஷ் என்று நினைக்கிறோம். வீட்டுக்குள் இருக்கும் போட்டி ஆங்கிலம், அதுவும் பெற்றோர் வாயில். "அந்த ரெட் பால எடுத்து பாக்ஸ்ல போடு", "ஹேண்ட்ஸ் வாஷ் பண்ணிட்டு டின்னர் சாப்பிடு", "டூ மினிட்ஸ் வெயிட் பண்ணு". இந்த வாக்கியங்களில் தமிழாக இருப்பது வேற்றுமை உருபும் "பண்ணு"வும் இன்னும் நாலைந்து சொற்களும்தான். நமக்குச் "சிவப்பு" தெரியும், அதனால் "ரெட்" சொன்னாலும் நம் தமிழ் குறையாது. குழந்தைக்கோ நாம் சொல்வது மட்டுமே தமிழ். சிவப்பு, பந்து, கை, கழுவு, ராத்திரி, பொறு என்று எதையுமே கேட்காத குழந்தை எதை வைத்துப் பதில் சொல்லும்? பெயர்ச்சொல் கையில் இல்லாதவள் வாக்கியத்தையே வேறு மொழியில் தொடங்கிவிடுகிறாள். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி, பள்ளியில் பாடம், தேர்வும் உண்டு. இருந்தும் 2000-க்கும் 2010-க்கும் இடையில் அங்குள்ள இந்தியர் வீடுகளில் அதிகம் பேசும் மொழி என்ற இடத்தை ஆங்கிலம் தமிழிடமிருந்து எடுத்துக்கொண்டது.

அதற்காகத் தூய தமிழ் பேசச் சொல்லவில்லை. பஸ், போன், ஸ்கூல் எல்லாம் தமிழாகிப் பல காலம் ஆயிற்று. குழந்தையிடம் "பேருந்து" என்று சொன்னால் பாட்டியிடம் பேசும்போது பாட்டிதான் முழிப்பார். மீட்க வேண்டியவை நிறம், எண், உடல் உறுப்பு, நேரம், துணிமணி, உறவுமுறை, எல்லாவற்றுக்கும் மேல் வினைச்சொற்கள். ஒரே நாளில் வீட்டையே மாற்ற முயன்றால் மூன்றாம் நாள் விட்டுவிடுவீர்கள். இரண்டு வாரத்துக்கு ஓர் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையலறையில் தொடங்கலாம், ஏனென்றால் தமிழின் வினைச்சொல் வளம் அங்கேதான் கொட்டிக் கிடக்கிறது: நறுக்கு, அரி, கிள்ளு, உரி, துருவு, பிசை, கிளறு, தாளி, வடி, ஆத்து. "கட் பண்ணு" என்ற ஒன்றுக்குள் இவற்றில் நாலு புதைந்துபோகின்றன. மகளிடம் கீரையை ஆயக் கொடுத்து, கூடவே நின்று பேசுங்கள். கையில் வேலையிருக்கும்போது வாயும் தானாகத் திறக்கும்.

அதற்கு முன் ஒரு வாரம் கணக்கு எழுதுங்கள். ஏழு வயதுப் பிள்ளை பத்து மணி நேரம் தூங்கினால் வாரத்தில் 98 மணி நேரம் விழித்திருக்கிறாள். பள்ளியும், பள்ளி முடிந்தபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஃப்ரீடிட்ஸும் சேர்ந்து காலை எட்டு முதல் மாலை நான்கு வரை என்றால் அதில் 40 போய்விட்டது. மீதி 58-ல் நீச்சல் வகுப்பு, தோழி வீடு, திரை, தம்பியோடு விளையாட்டு எல்லாம் கழித்துவிட்டு, ஒரு பெரியவர் அவளிடம் தமிழில் பேசி அவள் கவனித்த நேரம் எவ்வளவு என்று குறியுங்கள். பெரும்பாலான வீடுகளில் பத்து மணி நேரம் தேறினால் அதிகம். அதில் "கிளம்பு, சாப்பிடு, பல் தேய்" என்ற ஏவல்களை நீக்கினால் மிஞ்சுவது இன்னும் கொஞ்சம். ஏவலுக்குப் பதில் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். பதில் வராததில் பாதி, பதில் கேட்கும்படி நாம் பேசாததுதான். ராத்திரி படுக்கும்போது அரை மணி நேரம் கதையும் பேச்சும் என்று வைத்தால் வருடத்துக்கு 180 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. வாரம் ஒரு மணி நேர வகுப்பு வருடத்துக்கு 36 மணி நேரம்கூடத் தாண்டாது.

அவள் ஸ்வீடிஷில் பதில் சொல்லும் அந்த நொடியில் என்ன செய்வது? நார்வேயில் எலிசபெத் லான்சா இருமொழிக் குழந்தைகளின் பெற்றோர் எப்படி எதிர்வினை செய்கிறார்கள் என்று 1990-களில் வகைப்படுத்தினார். இன்றும் இதைவிட உதவியான வரிசை என் கண்ணில் படவில்லை. ஒரு முனையில், புரியாததுபோல் "என்ன? என்ன சொன்ன?" என்று கேட்பது. அடுத்தது, ஊகித்துக் கேட்பது: "பால் வேணுமா?" அடுத்தது, அவள் சொன்னதைத் தமிழில் திருப்பிச் சொல்வது: "ஓ, பால் வேணுமாம்." அடுத்தது, கண்டுகொள்ளாமல் பேச்சைத் தொடர்வது. மறுமுனையில் நாமும் அவள் மொழிக்குத் தாவிவிடுவது. முதல் முனைக்கு நெருங்க நெருங்கக் குழந்தை தமிழுக்குத் திரும்பும் வாய்ப்பு அதிகம். மூன்று வயது மகனிடம் "என்ன?" என்பது நன்றாக வேலை செய்யும். ஏழு வயது மகளிடம் செய்யாது. அம்மாவுக்கு ஸ்வீடிஷ் தெரியும் என்று அவளுக்குத் தெரியும், நடிப்பைக் கண்டால் எரிச்சல்தான் வரும். அவளுக்கு நான் பரிந்துரைப்பது ஊகத்தையே இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது: "பாலா, மோரா?", "அவ தள்ளினாளா, நீயா விழுந்தியா?" பதிலுக்கு வேண்டிய சொல் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அவள் அதை எடுத்து நீட்டினால் போதும். ஒரு சொல்லில் தொடங்கும். இரண்டு மூன்று மாதத்தில் வாக்கியமாக நீளும், இடையில் பின்வாங்கும் வாரங்களும் உண்டு. "தமிழ்ல சொன்னாத்தான் பால்" என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். அதே மாதிரி அவள் அழுதுகொண்டோ பள்ளியில் நடந்த சண்டையைக் கொட்டிக்கொண்டோ வந்தால் எந்த மொழியில் வந்தாலும் முழுதாகக் கேளுங்கள். உங்கள் பதில் தமிழில் இருந்தால் போதும்.

பேசத் தொடங்கியதும் பிழைகள் வரும், எந்தப் பிழை வரும் என்பதையும் ஓரளவு முன்னாலேயே சொல்லலாம். "எனக்குத் தெரியும்" என்பது "நான் தெரியும்" ஆகும். "நாம", "நாங்க" இரண்டும் ஒன்றாகிவிடும். "நேத்து வாங்கின பொம்மை" என்று சொல்ல வராமல் "பொம்மை, நேத்து வாங்கினோம், அது" என்று சுற்றி வருவாள். வினை நடுவுக்கு நகர்ந்து "நான் போறேன் ஸ்கூலுக்கு" என்பாள். திருத்தாமல், சரியான வடிவத்தை உங்கள் பதிலில் வைத்துத் திருப்பிச் சொல்லுங்கள்: "ஓ, உனக்குத் தெரியுமா?" ஒரு பிழையை மட்டும் நம் ஆட்களால் பொறுக்க முடிவதில்லை: "பாட்டி, நீ சாப்டியா?" போனில் அந்தப் பக்கம் சிரிப்பு, இந்தப் பக்கம் அப்பாவின் அதட்டல். ஸ்வீடிஷில் பாட்டிக்கும் தோழிக்கும் ஒரே "நீ"தான். "நீங்க" என்ற மரியாதைப் பன்மையைப் பிறர் பேசக் கேட்டுத்தான் அவள் பழக முடியும், வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இல்லாதபோது அவள் அதை எங்கே கேட்டாள்? நீங்களும் கணவரும் பெரியவர்களோடு அவள் முன்னால் பேசுங்கள், ஒரு வருடத்தில் வந்துவிடும். குழந்தைகள் பேச்சை நிறுத்துவதற்கு, நான் கேட்ட காரணங்களில் முதலாவது, ஊரில் யாரோ தன் தமிழைக் கேட்டுச் சிரித்தது.

பாட்டியோடு பேசுவதிலும் ஒரு திட்டம் தேவை. "சாப்டியா, என்ன சாப்ட, ஸ்கூல் போனியா" என்ற மூன்றும் முடிந்ததும் போன் கைமாறிவிடுகிறது. பாட்டிக்கு ஒரு வேலை கொடுங்கள்: தினம் ஒரு விடுகதை போட்டு விடையை மறுநாள் சொல்லட்டும், தொடர்கதையாக ஏதாவது சொல்லட்டும், இரண்டு பக்கமும் பல்லாங்குழி வைத்து ஆடட்டும். நேரமும் முக்கியம். குளிர்காலத்தில் ஊருக்கும் உங்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், கோடையில் மூன்றரை. சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்கள் கூப்பிட்டால் டிசம்பரில் அங்கே பத்தரை, பாட்டி பாதித் தூக்கத்தில் இருப்பார். காலை ஏழே காலுக்கு, கஞ்சி குடிக்கும்போது பத்து நிமிடம் கூப்பிட்டால் அங்கே முற்பகல், வேலை ஓய்ந்த நேரம்.

ஊருக்குப் போவதில் பலர் கவனிக்காத ஒரு சிக்கல்: ஸ்வீடனின் கோடை விடுமுறை ஜூன் நடுவில் தொடங்குகிறது, தமிழ்நாட்டில் அப்போது பள்ளி திறந்திருக்கும். அத்தை பிள்ளைகள் காலையில் போய்விடுவார்கள், உங்கள் மகள் பகலெல்லாம் திரை பார்ப்பாள். கிறிஸ்துமஸ் சமயத்தில் போனால் அரையாண்டு விடுமுறை ஓரளவு ஒத்துவரும். கோடையில்தான் முடியும் என்றால் ஆறு வாரம் சென்னை அடுக்ககத்தில் இருப்பதைவிட இரண்டு மூன்று வாரம் சிறு ஊரில், தெருப் பிள்ளைகளோடு விடுவது நல்லது. சென்னைப் பிள்ளைகள் வெளிநாட்டுப் பெண்ணிடம் தங்கள் ஆங்கிலத்தைக் காட்டத்தான் பார்ப்பார்கள். போன முதல் நாளே அவர்களிடம் சொல்லிவையுங்கள்.

வகுப்புக்கு வருகிறேன். நீங்கள் இருப்பது இதில் வசதியான நாடு. 1977-லிருந்து ஸ்வீடிஷ் நகராட்சிகளுக்குத் தாய்மொழிப் பாடம் நடத்தும் கடமை உண்டு. கட்டணம் இல்லை. நிபந்தனைகள் நாலு: தமிழ் உங்கள் வீட்டில் அன்றாடம் புழங்கும் மொழியாக இருக்க வேண்டும், பிள்ளைக்கு அடிப்படைத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும், நகராட்சியில் குறைந்தது ஐந்து மாணவர்கள் கேட்க வேண்டும், பொருத்தமான ஆசிரியர் கிடைக்க வேண்டும். பள்ளியில் விண்ணப்பம் கொடுங்கள், ஐந்து பேர் சேரவில்லை என்றால் மற்றத் தமிழ்க் குடும்பங்களையும் சேர்ந்து கேட்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு நிபந்தனைகளைப் பார்த்தீர்களா? வீட்டில் தமிழ் நின்றுபோனால் அந்த உரிமையும் ஆட்டம் காணும். மகனின் ஃபோர்ஸ்கூலாவுக்கும் (மழலையர் பள்ளி) சட்டப்படி அவன் தாய்மொழி வளர உதவும் பொறுப்பு உண்டு. தமிழ்ப் புத்தகம் இரண்டு கொடுத்து வையுங்கள், மறுக்க மாட்டார்கள். தாய்மொழிப் பாடத்தில் தமிழ் கற்பிப்பவர்களில் பலர் ஈழத்தவர்கள். மகள் ஒருநாள் "அம்மா, நாங்கள் இன்றைக்குக் கனக்கக் கதைச்சனாங்கள்" என்று வந்து நின்றால் திருத்தாதீர்கள். "பேசு"வும் "கதை"யும் இரண்டும் அவளுக்கு இருக்கட்டும். ஆப் கேட்டீர்களே, அதற்குச் சுருக்கமான பதில்: தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக் கல்வியும், ஸ்டோரிவீவர் தளத்தின் முதல் நிலைத் தமிழ்க் கதைகளும் இலவசம். உங்கள் மடியில் உட்கார்ந்து பார்த்தால் பயன், தனியாக விட்டால் விரல் விளையாட்டு.

எழுத்தை எப்போது தொடங்குவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஸ்வீடிஷ் வாசிப்பு கூடிவரும்வரை பொறுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், பொறுத்தே ஆக வேண்டும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. வாரம் நாலு நாள், பதினைந்து நிமிடம் போதும். 247 எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டித் தொடங்காதீர்கள். பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், பதினொரு துணைக்குறி, ஒரு புள்ளி, இவ்வளவுதான் மூலப்பொருள். அ, ட, ப, ம நாலையும் துணைக்காலையும் (ா) புள்ளியையும் காட்டினால் அம்மா, அப்பா, மாமா, பாப்பா, படம், பட்டம் முதல் வாரத்திலேயே அவளால் படிக்க முடியும். கு, டு, மு, ரு என்று உகரம் ஒவ்வொரு எழுத்திலும் வேறு உருவம் எடுக்கும் இடத்தில் பிள்ளைகள் தடுக்குவார்கள், அங்கே ஒரு மாதம் நின்று போங்கள். "க" ஒன்றே பல ஒலி தருவதை "இரட்டித்தால் அழுத்தம், ங் முன்னால் வந்தால் மென்மை, நடுவில் தனியாக வந்தால் இளக்கம்" என்று பக்கம், பங்கு, பகல் மூன்றையும் வைத்துக் காட்டலாம். ட, ண ஒலிகளுக்கு அவள் காது ஏற்கெனவே பழகியிருக்கும். ஸ்டாக்ஹோம் ஸ்வீடிஷில் ரகரத்தோடு சேர்ந்த தகர நகரங்கள் ஏறக்குறைய அப்படித்தான் ஒலிக்கின்றன. ல, ள, ழ எழுத்துப் பிழைக்கு இரண்டு வருடம் சிவப்பு மை வேண்டாம்.

பெரிய மேடு அடுத்து வருகிறது. அவள் பேசுவது "வந்துட்டாங்க", புத்தகத்தில் இருப்பது "வந்துவிட்டார்கள்". எழுத்துக் கூட்டிப் படித்தும் பொருள் புரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில் விழுந்தவர்கள். அவள் சொல்லச் சொல்ல, பேச்சுத் தமிழிலேயே நீங்கள் நாலு வரி நோட்டில் எழுதி அவளையே படிக்க வையுங்கள். அது பழகிய பிறகு புத்தகத்தை நீங்கள் எழுத்து நடையில் வாசித்து, அவளைப் பேச்சில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பேசும்போது "வந்துவிட்டார்கள் என்று சொல்" என்று யாராவது திருத்தினால் தடுத்துவிடுங்கள்.

ஒரு நாளில் விழித்திருக்கும் நேரத்தில் இத்தனை சதவீதம் மொழி காதில் விழுந்தால்தான் குழந்தை பேசும் என்று இணையத்தில் உலவும் எண்களைக் கறாராக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிறு குழுக்களைப் பார்த்துச் சொன்னவை அவை. அக்காவும் தம்பியும் தங்களுக்குள் ஸ்வீடிஷில் பேசுவதைத் தடுக்க நம்பகமான வழி எதுவும் எனக்குத் தெரியாது, தடுத்துச் சண்டை வளர்த்த வீடுகளைத் தெரியும். அக்காவைத் தம்பிக்குத் தமிழ்ப் படக்கதை படித்துக் காட்டச் சொல்வது மட்டும் ஓரளவு பலிக்கிறது.

மூன்று வருடத்தில் சென்னை திரும்பக்கூடும் என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அப்படியானால் எழுத்தை இந்த மாதமே தொடங்குங்கள். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் 2006-ல் வந்து படிப்படியாக விரிந்தது. பத்து வயதில் திரும்பினால் ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் அவள் மேசையில் இருக்கும். பேச்சு ஓரிரு மாதத்தில் தெருவிலேயே திரும்பிவிடும், வாசிப்பு அப்படி வராது. தமிழ்நாட்டு அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் வகுப்புப் புத்தகத்தை இப்போது இறக்கிக்கொள்ளுங்கள், வருடத்துக்கு ஒன்றரை வகுப்பு என்ற வேகத்தில் போனால் திரும்பும்போது நாலாம் வகுப்பைத் தாண்டியிருப்பாள்.